கருவுறும் முன்பே தொடங்கட்டும் கவனிப்பு

முப்பத்தைந்து வயதைக் கடந்த பின் தாய்மை அடைய விரும்பும் பெண்கள் மகப்பேறு மருத்துவப் பிரிவை நாடி வருவது இன்று அரிதான நிகழ்ச்சி அன்று. மேற்படிப்பு, வேலை, குடும்பப் பொறுப்பு, தாமதமான திருமணம், மறுமணம், பல ஆண்டுக் குழந்தையின்மைச் சிகிச்சை, முதல் குழந்தைக்குப் பின் விழுந்த நீண்ட இடைவெளி எனக் காரணங்கள் பல. காரணம் எதுவாயினும், அவர்கள் காதில் விழும் பேச்சு பெரும்பாலும் இரண்டு வகையாகவே இருக்கிறது. ஒரு சாரார், "இந்த வயதில் இது தேவைதானா?" என்று அச்சுறுத்துகிறார்கள். மறு சாரார், "அந்தக் காலத்தில் நாற்பது வயதிலும் வரிசையாகப் பெற்றெடுக்கவில்லையா, ஒன்றும் ஆகாது" என்று தேற்றுகிறார்கள்.

இவ்விரு பேச்சுகளாலும் அந்தப் பெண்ணுக்கு நன்மை விளைவதில்லை என்பதே என் கருத்து. அச்சம், மருத்துவரைச் சந்திக்கத் தயங்கச் செய்கிறது. ஆதாரமற்ற ஆறுதல், பரிசோதனைகளைத் தள்ளிப்போடச் செய்கிறது. இரண்டின் முடிவும் ஒன்றே: கருவுற்று எட்டு, பத்து வாரங்கள் ஆன பிறகே அந்தப் பெண் முதன்முதலாக மருத்துவமனைக்கு வருகிறார். அவருக்கு மிகவும் பயன்பட்டிருக்கக்கூடிய காலம் அதற்குள் கடந்துவிடுகிறது. கருத்தரிப்பதற்கு முந்தைய மூன்று முதல் ஆறு மாதங்களே அந்தக் காலம். அக்காலத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து மருத்துவரை ஒருமுறை சந்திப்பது, பிறகு எடுக்கப்படும் பல ஸ்கேன்களைவிட மேலான பயன் தரும். அது ஏன் என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

35 என்ற எண்

முதலில், எல்லோரையும் அச்சுறுத்தும் அந்த எண்ணைப் பார்ப்போம். 35 என்பது இயற்கை வரைந்த எல்லைக்கோடு அன்று. 34 வயதில் பாதுகாப்பாக இருந்த உடல், அடுத்த பிறந்தநாளன்று திடீரென ஆபத்துக்கு உள்ளாவதில்லை. பனிக்குட நீரை ஊசி மூலம் எடுத்துக் குழந்தையின் குரோமோசோம்களைச் சோதிக்கும் முறை 1970களில் பரவியபோது, அச்சோதனையை யாருக்குச் செய்வது என்ற கேள்வி எழுந்தது. சோதனையால் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பும், குழந்தைக்குக் குரோமோசோம் குறைபாடு இருக்கும் வாய்ப்பும் ஏறத்தாழச் சமமாகும் வயதாக 35 கருதப்பட்டது. ஒரு சோதனைக்காக வகுத்த கணக்கு, காலப்போக்கில் பெண்ணின் உடலுக்கே உரிய கெடுவைப் போலப் பேசப்படலாயிற்று.

ஆயினும் வயது பொருட்டே அன்று என்று சொல்வதும் உண்மையாகாது. பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் உள்ளன. பூப்பெய்தும் வயதில் அவை மூன்று, நான்கு லட்சமாகக் குறைந்துவிடுகின்றன. வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிவருபவை 400 முதல் 500 வரைதான். புதிய முட்டைகள் உருவாவதில்லை. முட்டையின் வயது, அந்தப் பெண்ணின் வயதேதான். எனவே முப்பதுகளின் நடுப்பகுதிக்குப் பின், குறிப்பாக 37 வயதை ஒட்டி, முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் விரைந்து குறைகின்றன. கருத்தரிக்கும் வாய்ப்பு குறைவதற்கும், குரோமோசோம் பிழைகள் மிகுவதற்கும் இதுவே காரணம்.

டவுன் நோய்க்குறியுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு, தாயின் 25 வயதில் சுமார் 1,250 பிறப்புகளுக்கு ஒன்று. 35 வயதில் சுமார் 350க்கு ஒன்று. 40 வயதில் சுமார் 100க்கு ஒன்று. 45 வயதில் சுமார் 30க்கு ஒன்று. இக்கணக்கை இருவிதமாகப் படிக்கலாம். 25 வயதுடன் ஒப்பிட்டால் 40 வயதில் ஆபத்து பன்னிரண்டு மடங்கு என்று படித்து நடுங்கலாம். 40 வயதுத் தாய்மார் நூறு பேரில் 99 பேருக்கு இக்குறை இல்லாத குழந்தையே பிறக்கிறது என்றும் படிக்கலாம். இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வது மருத்துவரின் கடமை. இரண்டையும் சேர்த்துக் கேட்பது குடும்பத்தாரின் கடமை.

கருச்சிதைவும் இத்தகையதே. இருபதுகளின் பிற்பகுதியில் ஏறத்தாழப் பத்துக் கர்ப்பங்களில் ஒன்று கலைகிறது. நாற்பதுகளின் தொடக்கத்தில் மூன்றில் ஒன்று கலைகிறது. முதல் மூன்று மாதங்களில் நேரும் கருச்சிதைவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கருவின் குரோமோசோம் பிழையே. மாடிப்படி ஏறியதோ, அலுவலகம் சென்றதோ, ஒரு துண்டு பழுத்த பப்பாளி உண்டதோ காரணம் அன்று. கருவை இழந்து துயருறும் பெண்ணிடம், "நீ என்ன செய்தாய்?" என்று கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் மறையவில்லை. அக்கேள்வி அறிவியலுக்கும் ஒவ்வாதது, அன்புக்கும் ஒவ்வாதது.

வயதைவிட, வயதுடன் வருபவை

நாற்பது வயதுடைய, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சீராக உள்ள, நாள்தோறும் நடைப்பயிற்சி செய்யும் ஒரு பெண். இருபத்தொன்பது வயதுடைய, தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதையே அறியாத மற்றொரு பெண். இருவரும் ஒரே நாளில் கருவுற்று வந்தால், என்னை அதிகம் கவலையுறச் செய்பவர் இரண்டாமவரே. வயதை மாற்ற எந்த மருந்தும் இல்லை. ஆனால் வயதுடன் சேர்ந்து வரும் சர்க்கரை, இரத்த அழுத்தம், மிகை எடை, தைராய்டு குறைபாடு ஆகியவற்றைக் கண்டுபிடிக்கவும் கட்டுப்படுத்தவும் நம்மால் இயலும். முப்பத்தைந்துக்குப் பிந்தைய கர்ப்பத்தில் மிகுதியாகக் காணப்படும் கர்ப்பகால நீரிழிவு, பிரிஎக்லாம்ப்சியா எனப்படும் இரத்த அழுத்தக் கோளாறு, குறைப்பிரசவம், குழந்தையின் எடைக்குறைவு ஆகிய சிக்கல்களில் ஒரு பங்கு இவற்றின் வழியாகவே வருகிறது.

இங்கேதான் காலம் முக்கியமாகிறது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. அப்போது மாதவிடாய் இரண்டு வாரம் மட்டுமே தள்ளிப்போயிருக்கும். தாம் கருவுற்றிருப்பதையே பலர் அறிந்திருக்க மாட்டார்கள். இதயம் உள்ளிட்ட முக்கிய உறுப்புகளின் அடிப்படை அமைப்பு எட்டு வாரங்களுக்குள் வடிவம் பெற்றுவிடுகிறது. அந்நாள்களில் தாயின் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் பிறவிக் குறைபாடுகளின் வாய்ப்பு உயர்கிறது. பத்தாவது வாரத்தில் சர்க்கரையைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்குவதும் நன்மையே. ஆனால் உறுப்புகள் உருவான அந்த வாரங்களை நாம் திரும்பப் பெற முடியாது.

எனவே சர்க்கரை நோய் உள்ள பெண்கள் கருத்தரிக்கும் முன்பு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவை 6.5 விழுக்காட்டுக்குக் கீழ் கொண்டுவருவது நல்லது. அந்த அளவு 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், அது குறையும்வரை கர்ப்பத்தைத் தள்ளிவைக்குமாறே அறிவுறுத்துவோம். ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே, இயன்றால் மூன்று மாதம் முன்பே தொடங்கிவிட வேண்டும். பொதுவாக நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், வலிப்பு மருந்து உட்கொள்பவர்களுக்கும், முன்பு நரம்புக் குழாய்க் குறையுடன் குழந்தை பிறந்தவர்களுக்கும் கூடுதல் அளவு தேவை. அந்த அளவை மருத்துவர் தீர்மானிப்பார்.

மருந்துகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இரத்த அழுத்தத்துக்காகப் பரவலாகத் தரப்படும் டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், ரமிப்ரில், எனலாப்ரில் ஆகியவை மற்றவர்களுக்கு நல்ல மருந்துகளே. ஆனால் கர்ப்பத்தில் அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை ஆகியவற்றையும் மருத்துவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும். இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்துவதால் வரும் ஆபத்து இன்னும் பெரியது. "நான் கருத்தரிக்க எண்ணுகிறேன்" என்ற ஒரு வரியை, உங்களுக்கு மருந்து எழுதித் தரும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பாதுகாப்பான மாற்று மருந்துகள் உள்ளன.

முதல் சந்திப்பில் என்ன நடக்கும்

கருவுறும் முன் நிகழும் இச்சந்திப்புக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. உயரம், எடை, இரத்த அழுத்தம் பார்க்கப்படும். இரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு அளவுகள் சோதிக்கப்படும். ருபெல்லா எனப்படும் ஜெர்மன் தட்டம்மைக்கு எதிர்ப்பாற்றல் உண்டா என்று பார்த்து, இல்லையெனில் தடுப்பூசி போடப்படும்; அதன்பின் ஒரு மாதம் கழித்துக் கருத்தரிக்கலாம். தலசீமியா போன்ற மரபுவழி இரத்தக் கோளாறுகளுக்கான சோதனையும் செய்யலாம். அத்தை மகன், தாய்மாமன் என உறவுக்குள் திருமணம் செய்தவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். குடும்பத்தில் பிறவிக் குறையோ, காரணம் தெரியாத குழந்தை இறப்போ நேர்ந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். முந்தைய பிரசவங்களின் குறிப்புகள் இருந்தால் கொண்டு வாருங்கள். மருந்துச் சீட்டுகள் அனைத்தையும், நாட்டு மருந்துகள் உட்பட, கொண்டு வாருங்கள்.

கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு எனப்படும் நார்க்கட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்ததும் பலர் கலங்கிவிடுகிறார்கள். இவ்வயதில் அது மிகவும் பொதுவானது. அதன் இடத்தையும் அளவையும் பொறுத்தே சிகிச்சை தேவையா என்று முடிவு செய்யப்படும். பலருக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

காத்திருக்கும் காலத்துக்கும் ஓர் அளவு உண்டு. 35 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால் பரிசோதனைக்கு வரலாம். 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதங்களுக்கு மேல் காத்திருக்கக் கூடாது. 40 வயதைக் கடந்தவர்கள் முயற்சியைத் தொடங்கும்போதே வந்துவிடுவது நல்லது. நேர்த்திக்கடனும் விரதமும் அவரவர் நம்பிக்கை. அவற்றை மருத்துவம் தடுக்கவில்லை. அடுத்த ஆடி கழியட்டும், அடுத்த தை பிறக்கட்டும் என்று மருத்துவ ஆலோசனையைத் தள்ளிவைப்பதுதான் இழப்பு. இவ்வயதில் ஓராண்டு என்பது சிறிய காலம் அன்று.

கணவரின் நாற்காலி

ஆலோசனை அறையில் மருத்துவருக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் போடப்பட்டிருக்கும். ஒன்றில் பெண் அமர்ந்திருப்பார். மற்றொன்றில் அவருடைய தாயோ மாமியாரோ அமர்ந்திருப்பார். கணவர் வாகன நிறுத்துமிடத்தில் இருப்பார், அல்லது வேலைக்குச் சென்றிருப்பார். இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குழந்தையின்மைக்கு ஆளான தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணைச் சார்ந்த காரணமும் உண்டு. விந்தணுச் சோதனை எளியது, வலியற்றது, செலவு குறைந்தது. ஆயினும் மனைவிக்குப் பல இரத்தச் சோதனைகளும் ஸ்கேன்களும் முடிந்த பின்னரே, பெரும் தயக்கத்துடன், கணவர் அதற்கு இசைகிறார். இதனால் வீணாகும் மாதங்கள் மனைவியின் முட்டைக் கணக்கிலிருந்தே கழிகின்றன. ஆணின் வயதும் முற்றிலும் பொருட்படுத்தத் தகாதது அன்று. வயது ஏற ஏற விந்தணுவின் மரபணுக்களில் புதிய மாற்றங்கள் சிறிதளவு கூடுகின்றன. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. எனவே புகையையும் மதுவையும் கணவர் இன்று விட்டால், அதன் பயன் மூன்று மாதங்களுக்குப் பின் தெரியும். ஆக, கருவுறும் முந்தைய அந்த மூன்று மாதங்கள் அவருக்கும் உரியவை.

செயற்கைக் கருத்தரிப்பை நாடுவோர் சில செய்திகளை அறிந்திருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, இச்சிகிச்சையைப் பெறப் பெண்ணுக்கு 50 வயதும் ஆணுக்கு 55 வயதும் உச்ச வரம்பு. சட்டம் அனுமதிக்கிறது என்பதாலேயே உடல் தாங்கும் என்று பொருளாகாது. நாற்பதுகளில் இருப்பவர்கள் சிகிச்சையைத் தொடங்கும் முன்பு இதயம், சிறுநீரகம், சர்க்கரை ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். "இத்தனை செலவு செய்கிறோம், இரட்டையாகவே பிறக்கட்டும்" என்று கேட்பவர்கள் உண்டு. இரட்டைக் கர்ப்பம் இரட்டிப்பு மகிழ்ச்சி மட்டும் அன்று. குறைப்பிரசவம், இரத்த அழுத்தம், பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு ஆகியவையும் அதனுடன் கூடுகின்றன. ஒரு நேரத்தில் ஒரு கருவை மட்டும் வைப்பது குறித்து உங்கள் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். கொடையாகப் பெற்ற முட்டையால் கருவுற்றிருந்தால், பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் அதைத் தனிமையில் தெரிவிக்க வேண்டும். குரோமோசோம் கணக்கு முட்டையைத் தந்தவரின் வயதைப் பொறுத்தது. பிரிஎக்லாம்ப்சியாவின் வாய்ப்போ இத்தகைய கர்ப்பத்தில் கூடுதல். மறைத்தால் இவ்விரண்டு கணக்கும் தவறிவிடும்.

கருவுற்ற பின்

கரு உறுதியானதும் மூன்று பரிசோதனைகளின் காலத்தை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கப்படும் ஸ்கேனும் அதனுடன் செய்யப்படும் இரத்தச் சோதனையும். தாயின் இரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சுக்கொடியின் மரபணுத் துணுக்குகளைக் கொண்டு செய்யப்படும் சோதனை 10ஆவது வாரத்திலிருந்தே கிடைக்கிறது. அது செலவு மிகுந்தது, துல்லியமும் மிகுந்தது. இவை யாவும் சல்லடை போன்றவை, தீர்ப்பு அல்ல. சோதனையில் ஐயம் எழுந்தால், பனிக்குட நீரையோ நஞ்சுக்கொடித் திசுவையோ எடுத்து உறுதி செய்த பிறகே எந்த முடிவும் எடுக்க வேண்டும். சோதனை வேண்டாம் என்று முடிவெடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

இரண்டாவது, 18 முதல் 20 வாரங்களில் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன். இதை உரிய காலத்தில் செய்துகொள்வது, முடிவெடுக்கப் போதிய அவகாசம் கிடைப்பதற்காகவே. கடுமையான குறைபாடு தெரியவந்தால் என்னென்ன வழிகள் உண்டு, சட்டம் எதை அனுமதிக்கிறது என்பதை மருத்துவர் விளக்குவார். குழந்தை ஆணா பெண்ணா என்று மட்டும் எந்த ஸ்கேனிலும் கேட்காதீர்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கேட்பதும் சொல்வதும் குற்றம்.

மூன்றாவது, சர்க்கரைச் சோதனை. முதல் வருகையிலும், பின்னர் 24 முதல் 28 வாரங்களிலும் இது செய்யப்பட வேண்டும். வெறும் வயிற்றில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 75 கிராம் குளுக்கோஸ் கலந்த நீரைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கப்படும். அளவு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ளப்படும். தொலைவிலிருந்து பேருந்தேறி வரும் பெண்ணை, "நாளை சாப்பிடாமல் வா" என்று திருப்பி அனுப்பாமல் அன்றே சோதிக்க உதவும் இந்த எளிய முறை நாடெங்கும் வழக்கமாவதற்குப் பாடுபட்டவர்களில் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வீ. சேஷையா முதன்மையானவர். அவருடைய பிறந்தநாளான மார்ச் 10, இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இவற்றுடன், ஒவ்வொரு வருகையிலும் இரத்த அழுத்தத்தைப் பார்க்காமல் வீடு திரும்பாதீர்கள். நாற்பது வயதைக் கடந்தவர்கள், முதன்முறை கருவுற்றவர்கள், மிகை எடை உள்ளவர்கள், முன்பே இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள் ஆகியோரில் சிலருக்கு, பிரிஎக்லாம்ப்சியாவைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தரப்படுகிறது. 12ஆவது வாரத்துக்குப் பின், 16ஆவது வாரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பயன் கிட்டும். தாமதமாக வருபவர்கள் இழக்கும் நன்மைகளுள் இதுவும் ஒன்று. மருத்துவர் சொல்லாமல் இதைத் தாமாக வாங்கி உண்ணக் கூடாது.

தவமிருந்து பெறும் பிள்ளை

தாமதமாக வந்த கர்ப்பத்தைக் குடும்பத்தார் தவமிருந்து பெற்ற வரமாகப் போற்றுவதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அன்பு மூன்று தவறான வழிகளில் வெளிப்படுவதைக் காண்கிறேன்.

முதலாவது, படுக்கை. கருவுற்ற நாள் முதல் பெண்ணைக் கட்டிலை விட்டு இறங்கவிடாத வீடுகள் உள்ளன. படுத்தே இருப்பது கருச்சிதைவைத் தடுப்பதில்லை. மாறாக, கால் நரம்புகளில் இரத்தம் உறையும் வாய்ப்பையும் சர்க்கரை அளவையும் அது உயர்த்துகிறது. தசைகளைத் தளரச் செய்கிறது. மருத்துவர் தடை சொல்லாத நிலையில் நாள்தோறும் அரைமணி நேர நடை நல்லது.

இரண்டாவது, உணவு. இருவருக்காக உண்ண வேண்டும் என்பது தவறான எண்ணம். கர்ப்பத்தில் கூடுதலாகத் தேவைப்படுவது நாளொன்றுக்குச் சுமார் 350 கிலோகலோரி. சாம்பாருடன் இரண்டு இட்லியும் ஒரு குவளைப் பாலும் ஏறத்தாழ அதை ஈடுசெய்துவிடும். பருப்பு, முட்டை, மீன், சுண்டல், கீரை, பழம் ஆகியவை கூடட்டும். சோறும் இனிப்பும் கூட வேண்டியதில்லை. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை ஒரே நேரத்தில் விழுங்காமல் இடைவெளி விட்டு உட்கொள்ளுங்கள். தேநீரோ காபியோ குடிக்கும்போது இரும்பு மாத்திரையைத் தவிருங்கள்.

மூன்றாவது, அறுவைச் சிகிச்சை. "வயதாகிவிட்டது, நல்ல நாள் பார்த்து எடுத்துவிடுங்கள்" என்ற வேண்டுகோள் அடிக்கடி வருகிறது. வயது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. தாயின் நிலை, குழந்தையின் நிலை, முந்தைய பிரசவம் ஆகியவையே அதைத் தீர்மானிக்க வேண்டும். அதேசமயம் நாள் கடந்தும் காத்திருப்பதும் சரியன்று. 39, 40ஆவது வாரங்களில் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் வாய்ப்பு, 35 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் ஆயிரத்துக்கு ஒன்று எனில், 40 வயதைக் கடந்தவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு. ஆகவே அவர்களுக்கு 39 முதல் 40 வாரங்களுக்குள் மருந்து கொடுத்து வலியை வரவழைப்பது குறித்துப் பேசுகிறோம். வலி வரவழைத்தால் சிசேரியனில்தான் முடியும் என்பது பரவலான அச்சம். 35 வயதைக் கடந்த, முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 619 பெண்களைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, 39ஆவது வாரத்தில் வலியை வரவழைப்பதால் சிசேரியன் எண்ணிக்கை கூடவில்லை என்று காட்டியது.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

வீட்டில் உள்ள அனைவரும் இவற்றை அறிந்திருக்க வேண்டும்: கடுமையான தலைவலி, கண் மங்குதல், நெஞ்சுக்குழியில் வலி, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம், மூச்சுத்திணறல், இரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிதல், ஒரு காலில் மட்டும் வலியுடன் வீக்கம், 28 வாரத்துக்குப் பின் குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைதல். இவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். வாகனம் இல்லையெனில் 108ஐ அழையுங்கள். பிரிஎக்லாம்ப்சியா முற்றினால் ஜன்னி என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் வலிப்பு வரக்கூடும். அது பிரசவத்துக்குப் பின்னரும் வரலாம் என்பதை மறவாதீர்கள்.

பிரசவத்துடன் கவனிப்பு முடிந்துவிடுவதும் இல்லை. கர்ப்பகால நீரிழிவு இருந்தவர்கள் குழந்தை பிறந்த ஆறு வாரங்களுக்குப் பின் மீண்டும் சர்க்கரையைச் சோதித்து, அதன்பின் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். அவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மிகுதி. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மனச்சோர்வை, "வயதாகிவிட்டதால் களைப்பு" என்று தள்ளிவிடக் கூடாது. பேறுகாலத்துக்கு வந்து தங்கும் பாட்டிமாருக்கும் வயதாகியிருக்கும். ஆகவே இரவில் குழந்தையைத் தூக்கும் பொறுப்பைக் கணவர் முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது நல்லது.

செலவைக் கருதித் தயங்குவோருக்கு ஒரு செய்தி. இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் சோதனைகளை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். பிரதமரின் தாய்மைப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ், ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. தகுதியுள்ள ஏழைக் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டமும் உள்ளது. உங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. கடுமையான இதய நோயோ, நுரையீரல் இரத்தக்குழாயில் மிகை அழுத்தமோ உள்ள சிலரிடம், கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்று சொல்ல வேண்டி வரும். அந்த உண்மையையும் கருவுற்ற பின் கேட்பதைவிட முன்பே கேட்பது நல்லது. குழந்தை வேண்டாம், அல்லது தத்தெடுப்போம் என்று முடிவு செய்யும் தம்பதியரும் இருப்பார்கள். அவர்களையும் உற்றார் மதிக்க வேண்டும். ஆனால் என்னிடம் வரும் பெரும்பாலோருக்கு நான் சொல்லும் பதில், "நீங்கள் தாயாகலாம், முன்னதாகச் சில வேலைகளை முடிப்போம்" என்பதே. நாற்பதை நெருங்கும் ஒரு தம்பதியர் உங்கள் வீட்டில் இருந்தால், வயதைச் சுட்டிக்காட்டவும் வேண்டாம், வயதை மறக்கச் சொல்லவும் வேண்டாம். மாதவிடாய் தள்ளிப்போகும் வரை காத்திராமல், இந்த மாதமே இருவரும் சேர்ந்து ஒரு மருத்துவரைச் சந்திக்கச் சொல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துச் செல்ல நினைவூட்டுங்கள்.